மூன்றாவது பட்டியல்

அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் மொத்தம் நாற்பத்தொரு கட்டிடங்கள். நாற்பத்தொன்றுக்கும் படிவம் போயிற்று. எட்டே எட்டுக் கேள்விகள். அதில் ஆறாவது கேள்விக்காகத்தான் மற்ற ஏழும்: ‘கரண்டும் குளிர்நீரும் நின்றுபோனால் உங்கள் கட்டிடம் எத்தனை நேரம் தாங்கும்?’

பதில்கள் வந்து குவிந்ததும் இன்ஜினியரம்மாவுக்குத் தலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. நூலகம் ஒரு நிமிஷம்கூடத் தாங்காதாம். உடற்பயிற்சிக் கூடம் தன்னை அத்தியாவசியச் சேவை என்று எழுதியிருந்தது. இசைத் துறைக்காரர்கள், பியானோவுக்குப் புழுக்கம் ஆகாது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். சட்டத் துறை நாலு பக்கம் இணைத்து, தாங்காமல் போனால் யார் பொறுப்பு என்று அவளையே திருப்பிக் கேட்டது. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போடுகிற கூட்டம், படித்திருந்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன, ஒன்றுதான்.

ஒரே ஒரு படிவம்தான் வேறு மாதிரி இருந்தது. பழைய விலங்கியல் கட்டிடத்திலிருந்து வந்தது. ஆறாவது கேள்விக்கு எதிரே, ‘ஆறு மணி நேரம். சமாளித்துக்கொள்ளலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தச் சாய்ந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக மளிகைச் சீட்டிலும் கேஸ் சிலிண்டர் புத்தகத்திலும் பார்த்து வருகிற எழுத்து. அவள் புருஷனுடையது.

வளாகத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீன்காரர் என்றுதான் சொல்வார்கள். விலங்கியல் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஆராய்ச்சிக்கென்று வளர்க்கிற மீன்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே, இருபத்தாறு வருஷமாக அவர் அங்கே இருக்கிறார். அவள் வெளியே ஒரு வடிவமைப்புக் கம்பெனியில் இருப்பவள். வளாகத்துக்குப் புதிய மின் நிலையம் ஒன்றை வடிவமைக்கும் வேலை அந்தக் கம்பெனிக்குக் கிடைத்து, வீடு பின்கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறதே என்று அவளிடமே கொடுத்துவிட்டார்கள். ஆக, ஒன்றரை வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கேட்டுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

வேலை என்ன என்று யாராவது கேட்டால் அவள் இப்படித்தான் சொல்வாள். இப்போது ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனித்தனி ஏசி, தனித்தனி பாய்லர், தனித்தனி ஜெனரேட்டர். நாற்பத்தொரு குடித்தனம், நாற்பத்தொரு அடுப்பு. இனிமேல் ஒரே ஒரு பெரிய அடுப்பு. கேஸில் ஓடுகிற எஞ்சின்கள் கரண்டு தரும். அவை கக்குகிற சூட்டை வீணாக்காமல் அதிலேயே வெந்நீர் காய்ச்சி, அதே சூட்டை வைத்தே தண்ணீரைக் குளிரவும் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் போட்டு எல்லாக் கட்டிடங்களுக்கும் அனுப்பலாம். ஊர்க் கரண்டு போனாலும் வளாகம் தன் காலில் நிற்கும்.

அப்படியும் எஞ்சின்கள் கெட்டுப்போகும். கெட்டால் எந்தக் கட்டிடத்தை முதலில் வெட்டுவது? அதற்குத்தான் பட்டியல். முதல் பட்டியல் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டியது. இரண்டாவது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. மூன்றாவது, முதலில் வெட்டுப்படுவது.

மீன்காரரின் கட்டிடத்தை அவள் மூன்றாவதில் போட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடவில்லை. படிவத்தில் இருந்தபடி தொட்டிகளில் எத்தனை லிட்டர், அறையில் எவ்வளவு வெக்கை, ஆறு மணி நேரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறும் என்று தனியாக ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு டிகிரிகூட ஏறவில்லை. படிவம் சொன்னது சரிதான். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், புருஷன் கட்டிடத்துக்குச் சலுகை என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். அதனால் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால், அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

மாடி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதை எல்லாம் எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது. அவர் ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அவளுக்கு ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைப்பார். அவள் ஒன்பது மணிக்கு வந்து மூடியைத் திறப்பாள். மூடியின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். அதை உதறிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். சண்டை கிடையாது. சண்டை போடுகிற வீடுகளைப் பார்த்தால் அவளுக்குச் சில சமயம் பொறாமையாகக்கூட இருந்தது.

வரைபடத்தை ஒருமுறை மட்டும் அவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“எஞ்சின் நாலு போட்டிருக்கே. மூணு போதும்னு போன்ல சொல்லிட்டிருந்தியே?”

“மூணுதான் ஓடும். நாலாவது சும்மா நிக்கும்.”

“சும்மா நிக்கறதுக்கா அத்தனை பெரிய மெஷின்?”

“சும்மா நிக்கறதுதாங்க அதோட வேலை. மூணுல ஒண்ணு படுத்துடுச்சுன்னா எடுத்துக்கணும்ல.”

“படுக்கவே இல்லைன்னா?”

“படுக்கலைன்னாலும் நிக்கணும். அது பக்கத்துல நிக்குதுங்கற தைரியத்துலதான் மத்த மூணும் ஓடும்.”

“குடுத்து வெச்ச மெஷின்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மாதம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

அடுத்த வேலைக்கான கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை. வேறு ஊர். இதைப் போல இரண்டு மடங்கு வளாகம், தலைமை வடிவமைப்பாளர் பதவி, இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். அவள் அதை மேசைமேல் பிரித்தபடியே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“லெட்டர் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். நல்ல வேலைதானே.”

“ரெண்டு வருஷம்.”

“ரெண்டு வருஷம் என்ன, ஓடிடும்.”

“ராத்திரி எட்டு மணி வண்டியில ஏறினாக்கூட மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேரும்.”

“தூங்கிட்டே போயிடலாமே.”

“நீங்க இங்க தனியா…”

“எனக்கென்ன. அதெல்லாம் சமாளிச்சுக்கலாம். நீ போயிட்டு வா.”

ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து டீயில் நனைத்தபடி சொன்னார். மழை வரும்போலிருக்கிறது என்பதைச் சொல்கிற அதே குரல். அவளுக்குச் சுருக்கென்றது. போகாதே என்று தடுக்க வேண்டாம், தடுத்திருந்தால் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் ஒரு பேச்சுக்காவது முகம் வாடியிருக்கலாம் அல்லவா? தான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே தட்டைக் கழுவினாள்.

‘சமாளிச்சுக்கலாம்’ என்ற அந்தச் சொல்லோடு அவளுக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா வெளியூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். கூடத் துணைக்கு இருந்தது அவள் ஒருத்திதான். தினமும் சாயங்காலம் இங்கிருந்து புருஷன் போன் செய்து, “நான் கிளம்பி வரட்டுமா?” என்று கேட்பார். மருந்துச் சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, “வேண்டாங்க, உங்க மீன்களை யார் பார்ப்பா? நான் சமாளிச்சுக்கறேன்” என்பாள். ஒன்பது நாளும் கேட்டார். ஒன்பது நாளும் அதையே சொன்னாள். பத்தாவது நாள் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். வேண்டாம் என்று சொன்னால் வராமலே இருந்துவிடுவதா என்று அவள் மனசு அன்றைக்குக் கசந்தது. வாய் திறந்து கேட்கவில்லை. தட்டுகளை மூடி வைக்கிற வழக்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை.

பட்டியல் காகிதத்தில் சரியாக இருந்தால் போதாது, ஒருநாள் வெட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவள்தான் அடம்பிடித்து அனுமதி வாங்கியிருந்தாள். விடுமுறைக் காலம். காலை பத்து மணிமுதல் சாயங்காலம் நாலு மணிவரை மூன்றாவது பட்டியலில் உள்ள பதினேழு கட்டிடங்களுக்கும் ஒன்றும் போகாது. புதிய திட்டத்தில் பழைய ஜெனரேட்டர்கள் இருக்காது என்பதால் அவற்றையும் தொடக் கூடாது. மிச்சக் கட்டிடங்கள் எவ்வளவு கரண்டு இழுக்கின்றன என்று ஆறு மணி நேரமும் அளந்து பார்த்தால்தான் மூன்று எஞ்சின் போதுமா என்று அடித்துச் சொல்ல முடியும். பதினேழு கட்டிடப் பொறுப்பாளர்களும் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மீன்காரர் கையெழுத்துத்தான் முதலில் வந்தது.

அன்று காலை அவள் எழுந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் தீனி போடப் போவார், அது வழக்கம்தான்.

சுவிட்ச் அறையில் பாய்லர் அண்ணன் காத்திருந்தார். வளாகத்தின் பழைய பாய்லர்களையும் சுவிட்சுகளையும் பார்த்துக்கொள்கிற கனத்த மனுஷர். தொப்பைமேல் பெல்ட் நிற்காது என்பதால் அதற்குக் கீழே கட்டியிருப்பார்.

“என்னம்மா, வெட்டிடலாமா? சட்டத் துறையை மொதல்ல வெட்டட்டுமா? நாலு பக்கம் எழுதினாங்களாமே.”

“அவங்களுக்கு உங்கமேல என்னண்ணே கோபம்?”

“கோபம் எனக்குத்தாம்மா. போன வருஷம் அவங்க ரூம்ல ஏசி சத்தம் போடுதுன்னு எனக்கு நோட்டீஸ் அனுப்பிச்சாங்க. ஏசிக்கு அனுப்ப வேண்டியது.”

பத்து அடித்தது. ஒவ்வொரு சுவிட்சாகக் கீழே இறக்கினார். ஒவ்வொன்றும் இறங்கும்போது அறையே ஒருமுறை தும்முவது போல் சத்தம் வந்தது. அளவு முள்கள் இறங்கி, ஆடி, நின்றன. அவள் நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

எல்லாம் அவள் போட்ட கணக்குப்படியே நடந்தது. பதினொன்றுக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு. ஆயிரத்தெட்டு முறை சரிபார்த்த கணக்கு பலிக்கும்போது வருகிற சந்தோஷம் வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பாய்லர் அண்ணன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெட்டிய கட்டிடங்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள்.

வெயில். யாரும் இல்லாத நடைபாதைகள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு சைக்கிள் மட்டும் காற்றிறங்கிக் கிடந்தது. ஏசி இரைச்சல், ஃபேன் இரைச்சல், எங்கோ ஓடுகிற பம்பின் இரைச்சல் எல்லாம் நின்றுபோய், அவளுடைய செருப்புச் சத்தம் அவளுக்கே கேட்டது. இத்தனை பெரிய இடத்தை ஒரு கையசைப்பில் நிறுத்தி வைத்தவள், அதன் நடுவே போக்கிடம் இல்லாதவள் மாதிரி நடந்தாள். புது ஊரிலும் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இங்கேயும் அப்படித்தானே இருக்கிறது என்றும் தோன்றியது.

விலங்கியல் கட்டிடத்தைத் தாண்டும்போது கீழ்த்தளத்து ஜன்னலிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நிற்கும், மறுபடியும் கொட்டும். யாரோ வாளியில் மொண்டு மொண்டு குளிப்பது போலிருந்தது.

படியிறங்கிப் போனாள். கதவைத் திறந்தால் இருட்டு. கண் பழகியதும் இரண்டு பக்கமும் தொட்டிகள் தெரிந்தன. பதினாலு தொட்டிகள். அவள் கடைசியாக வந்தபோது ஐந்துதான் இருந்தன. எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் போர்த்தியிருந்தது. நடுவில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு அவர் நின்றார். ஒரு பிளாஸ்டிக் மக்கால் தொட்டித் தண்ணீரை மொண்டு, கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கி, அதே தொட்டியில் ஊற்றினார். மொண்டார். தூக்கினார். ஊற்றினார்.

“என்னங்க பண்றீங்க?”

அவர் திரும்பவில்லை. “பேச நேரமில்ல. சிங்க்குல இன்னொரு மக் இருக்கு பாரு. அந்தக் கோடித் தொட்டிக்குப் போ. நான் வர்றதுக்கு லேட்டாகுது.”

“தண்ணி ரெண்டு டிகிரிகூட ஏறாதே, நான் கணக்குப்…”

“சூடு இல்லம்மா. மூச்சு. ஏர் பம்ப் நின்னுபோச்சுல்ல.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பம்ப். ஒவ்வொரு தொட்டியிலும் குமிழ் குமிழாகக் காற்று விட்டுக்கொண்டிருக்கிற சின்னப் பம்ப். குளிர்ந்த ஓடையில் வளர்கிற மீன், காற்று நிறைய வேண்டும். சூட்டை அவள் தசமப் புள்ளிவரை கணக்குப் போட்டாள். மூச்சைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கோடித் தொட்டியின் சாக்கை விலக்கினாள். விரல் நீள மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயை மட்டும் வெளியே நீட்டி நீட்டித் திணறிக்கொண்டிருந்தன. சில புரண்டு கிடந்தன. மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். பத்துத் தடவை ஊற்றுவதற்குள் தோள் எரிந்தது.

“எப்ப ஆரம்பிச்சீங்க?”

“பத்துக்கு.”

“இப்ப ரெண்டு.”

“தெரியும். ஒரு தொட்டிக்கு ரெண்டு நிமிஷம். ஒரு சுத்து முடிக்க அரை மணி நேரம். காலையில சரியாத்தான் வந்துச்சு. இப்பதான் கை தூக்க வரல, சுத்து முடிய முக்கால் மணி ஆகுது.”

“ஆறு மணி நேரம் தாங்கும்னு எழுதிக் குடுத்தீங்களே!”

“தாங்கும். நான் ஊத்திட்டே இருந்தா தாங்கும்.”

அவள் போனை எடுத்தாள். அப்போதுதான் அவர் முதல்முறையாக ஊற்றுவதை நிறுத்தினார்.

“யாருக்கு? வேண்டாம். இன்னும் ரெண்டே மணி நேரம். நிறுத்தினா உன் ஆறு மணி நேரக் கணக்கு போயிடும், மறுபடி அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்கணும். சமாளிச்சுடலாம்மா, நிறுத்தாத.”

அவள் அவரைப் பார்த்தாள். வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பாய்லர் அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.

“அண்ணே, மூணாவது லிஸ்ட்டை ஏத்துங்க.”

தூக்கக் கலக்கத்தில் பாய்லர் அண்ணன் குரல் வந்தது. “என்னம்மா, நாலு மணி ஆயிடுச்சா?”

“ஆகல. ஏத்துங்க. விலங்கியலை மொதல்ல.”

“கணக்கு?”

“கணக்கு தப்புண்ணே. ஏத்துங்க.”

எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்ற முடியாது. வரிசையாகத்தான் வர வேண்டும், இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் இரண்டு பேரும் இரண்டு கோடியிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார்கள். தண்ணீர்ச் சத்தம் மட்டும். ஏழாவது தொட்டியருகே இருவரும் சந்திக்கும்போது விளக்கு கண் சிமிட்டி எரிந்தது. பதினாலு பம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொரகொரத்து, குமிழ்கள் கிளம்பின. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க இப்படி எழுதினீங்க?”

அவர் மக்கைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

“அன்னிக்கு ராத்திரி பால்கனியில போன் பேசிட்டிருந்தே. எல்லாரும் ஒரு நிமிஷம்கூட முடியாதுன்னு எழுதறாங்க, எல்லாத்தையும் முதல் லிஸ்ட்டுல போட்டா நாலு எஞ்சின் இல்ல, ஏழு வேணும், என் டிசைனே நிக்காதுன்னு சொன்னே. குரல் அழற மாதிரி இருந்துச்சு. என்கிட்ட சொல்லல, போன்ல யார்கிட்டயோ சொன்னே. சரி, நம்ம கட்டிடத்தையாவது குறைச்சுக் குடுப்போம்னு…”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பினாள் அவள். அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதை அப்படியே நம்பினார் அவர். பதினோரு வருஷம் அவர்மேல் வைத்திருந்த கோபம் எந்தக் குற்றத்துக்காகவோ, அதே குற்றத்தைத் தானும் செய்து, அதற்குக் கணக்குத் தாளும் இணைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. அழுகை வந்தது. இரைகிற பம்புகளுக்கு நடுவே அதை யாரும் கேட்டிருக்க முடியாது.

கோடித் தொட்டியில் எட்டு மீன்கள் போய்விட்டன. அவர் ஒவ்வொன்றாக வலையில் எடுத்து, ஈரத் துணியில் வைத்து, பதிவேட்டில் எழுதப் போனார். பேனா பிடிக்க வரவில்லை. “எட்டுன்னு போடு” என்று அவளிடம் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். அவர் ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ‘ஒத்திகை’ என்று எழுதினாள்.

அன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறக்க இருவருமே சாவியை எடுத்தார்கள், பிறகு இருவருமே உள்ளே போட்டுக்கொண்டார்கள். கடைசியில் அவள்தான் திறந்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, ரொட்டி சுட்டு, இரண்டு தட்டு வைத்தாள். மூடி வைக்கத் தட்டு தேவைப்படவில்லை. அவர் டம்ளரை எடுக்கப் போனார். கை பாதியிலேயே நின்றது. இடது கையால் எடுத்துக் குடித்தார்.

“வலிக்குதா?”

“அதெல்லாம் சமா…”

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“வலிக்குது” என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. எழுந்துபோய் மருந்தை எடுத்து வந்து தோளில் தேய்த்தாள். சதை கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது.

“மேலிடத்துல ஒரு ஆள் கேட்கலாமில்ல? துணைக்கு.”

“ரெண்டு தடவை குடுக்கறேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்.”

“ஏன்னு கேட்க மாட்டேன். தெரியும்.”

“ம்.”

கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வண்டி போயிற்று.

“நாளைக்கு அந்த லெட்டருக்குப் பதில் போடணும்” என்றாள்.

“போ. உனக்கு நல்ல வேலை அது. நான் மனசாரத்தான் சொல்றேன்.” முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். “ஆனா நான் சமாளிச்சுப்பேன்னு நெனச்சுட்டு மட்டும் போகாத.”

அவள் கை நின்றுவிட்டது. பிறகு மறுபடியும் தேய்த்தது.

திங்கட்கிழமை காலை அவள் மேசைக்கு முன் உட்கார்ந்து மூன்று காரியம் செய்தாள். முதலில் பழைய விலங்கியல் கட்டிடத்தை மூன்றாவது பட்டியலிலிருந்து அடித்து முதலாவதில் எழுதினாள். குறிப்பு என்றொரு கட்டம் உண்டு, இதுவரை எந்தக் கட்டிடத்துக்கும் அவள் அதை நிரப்பியதில்லை. அதில், ‘இங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நம்பி இதை விட்டுவிடக் கூடாது’ என்று எழுதினாள். தலைமை அலுவலகத்தில் படிப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாவது, ஒத்திகை தோற்றுப்போனதையும் ஏன் தோற்றது என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள். நாற்பத்தொரு கட்டிடங்களுக்கும் மறுபடி நேரில் போய்க் கேட்க வேண்டும், படிவம் போதாது, அதற்கு ஆறு மாதம் வேண்டும் என்று எழுதினாள்.

மூன்றாவது அந்தக் கடிதத்துக்குப் பதில். வருகிறேன், ஆனால் ஆறு மாதம் கழித்துத்தான் வர முடியும். இங்கே ஒரு இடத்தில் ஒருவருக்குத் துணையாள் வந்து வேலை பழகும்வரை இருக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ. அனுப்பிவிட்டாள். அந்த வேலை அவளுக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து, பின்கேட்டுக்குள் நுழைந்து, எப்போதும் திரும்புகிற பக்கம் திரும்பாமல் விலங்கியல் கட்டிடத்துக்குப் போனாள்.

அவர் இடது கையால் தீனி போட்டுக்கொண்டிருந்தார். குமிழ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. கோடித் தொட்டியில் மிஞ்சிய மீன்கள் அடியில் இருந்தன, மேலே வரவில்லை.

“நீ என்ன இங்க? ஆபீஸ் இல்லையா?”

“இருக்கு. பத்து மணிக்கு.”

“அப்புறம் இங்க என்ன வேலை?”

“ஒண்ணும் இல்ல. சும்மா நிக்கலாம்னு வந்தேன்.”

அவர் தீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி கீழே இறக்கினார். அடுத்த தொட்டிக்குப் போனார். அவள் சிங்க்கை ஒட்டி, அவருக்குக் குறுக்கே வராத இடமாகப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.